நிழல் விழும் இடத்தில் பூந்தோட்டம்: செடிகளைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

நிழலான மூலையில் பூச்செடி வைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நர்சரியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பூத்துக் குலுங்கும் செடியைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கே வைப்பது என்ற யோசனை வருகிறது. ஒரு மாதத்தில் இருந்த பூ உதிர்ந்துவிடும், அடுத்த மொட்டு வராது. செடி சாகவும் செய்யாது. பச்சைப் பசேலென்று நிற்கும், பூ மட்டும் இருக்காது.

காரணம் எளிது. நிழலில் வளர்வது வேறு, நிழலில் பூப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் இங்கே செடிகளின் பெயர்கள் ஆறாவது படியில்தான் வருகின்றன. முதல் ஐந்தையும் தாண்டிக் குதித்து அங்கே போய்விடாதீர்கள். உங்கள் இடம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அந்தப் பெயர்களால் பயன் இல்லை.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு வெள்ளைத் தாள், அளவு நாடா, களைக்கொத்து, ஒரு வாளித் தண்ணீர். இவற்றோடு வீட்டிலேயே இருக்கக்கூடிய ஒரு முழு நாள். பிறகு செடி வாங்கியதும் மூன்று நான்கு வாரம் காத்திருக்கும் பொறுமை. இந்தக் கடைசி ஒன்றைத்தான் பலரும் கொண்டுவருவதில்லை.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தோட்டத்தை எங்கிருந்து பார்க்கப் போகிறீர்கள்? ஜன்னல் வழியாகவா, திண்ணையில் உட்கார்ந்தா, நடந்து போகும்போதா? பூவின் நிறத்தையும் அளவையும் முடிவு செய்யும்போது இதற்கான பதில் தேவைப்படும்.

1. நிழலை மணிக்கணக்கில் குறித்து வையுங்கள்

இடத்தின் வடிவத்தை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை ஒவ்வொரு மணிக்கும் போய்ப் பார்த்து, எந்தப் பகுதியில் நேரடி வெயில் விழுகிறது என்று குறியுங்கள். நாள் முடிந்ததும் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை மணி நேரம் என்று கூட்டுங்கள்.

நினைவை நம்பாமல் எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அங்கே எப்போதும் நிழல்தான்" என்று என்னிடம் சொன்னவர்களில் பலர், குறித்துப் பார்த்த பிறகு காலையில் இரண்டு மணி நேரம் வெயில் வருவதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் அந்த நேரத்தில் தோட்டப் பக்கம் போனதே இல்லை. பூச்செடிக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய சொத்து.

ஆறு மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் விழுந்தால் அது வெயில் இடம். மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் வரை அரை நிழல். அதற்கும் குறைந்தால் முழு நிழல். விதை உறையிலும் செடி அட்டையிலும் இருக்கும் குறிப்புகள் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

எண்ணிக்கையோடு நேரத்தையும் பாருங்கள். காலை மூன்று மணி நேரமும் பிற்பகல் மூன்று மணி நேரமும் செடிக்கு ஒன்றாகாது. பிற்பகலில் காற்று சூடேறியிருக்கும், இலை ஏற்கெனவே நிறைய ஈரத்தை இழந்திருக்கும். நிழல் செடிகளின் இலை பெரும்பாலும் அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் ஓரம் கருகிவிடும். வெப்பமான ஊர்களில் காலை வெயில் படும் இடத்துக்கு அரை நிழல் செடிகளையும், மாலை வெயில் படும் இடத்துக்கு வெயில் தாங்கும் செடிகளையும் வையுங்கள். குளிர் நாடுகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு கடுமையாக இருக்காது.

நேரடி வெயிலே படாத பகுதிகளில் கை நிழல் சோதனை செய்யுங்கள். நடுப்பகலில் வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, அதற்கு ஓர் அடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் வெளிச்சம் நல்லது. கையின் வடிவம் தெரிந்து ஓரங்கள் கலங்கியிருந்தால் நடுத்தரம். தாளில் லேசான மங்கல் மட்டும் தெரிந்தால் அங்கே பூவை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு நிமிட வேலைதான். எந்தக் கருவியும் கையில் இல்லாதபோது நான் நம்புவது இதைத்தான்.

பருவம் மாறினால் இந்த வரைபடமும் மாறும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் செல்வதால் சுவரின் நிழல் நீளும். இலையுதிர்க்கும் மரம் என்றால் அந்த மாதங்களில் அடியில் வெயில் நிறைய விழும். பூமத்திய ரேகைக்கும் கடக ரேகைக்கும் இடையில் இருக்கும் ஊர்களில் இன்னொரு விஷயம் உண்டு. ஆண்டின் நடுவில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடும். ஆண்டின் பெரும்பகுதி நிழலில் இருக்கும் வடக்குச் சுவரோரத்தில் அந்த மாதங்களில் வெயில் அடிக்கும். டிசம்பரில் அளந்து நட்ட செடி ஜூனில் கருகுவது இதனால்தான். முடிந்தால் ஜூனில் ஒரு நாளும் டிசம்பரில் ஒரு நாளும் குறித்து வையுங்கள்.

2. நிழலைத் தருவது சுவரா, மரமா என்று பாருங்கள்

சுவரின் நிழலில் நேரடி வெயில் இல்லாவிட்டாலும் தலைக்கு மேல் வானம் திறந்திருக்கிறது. வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சம் முழுதாகக் கிடைக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும் நாளில், திறந்த வானத்தின் கீழ் உள்ள நிழலில் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் லக்ஸ் வரை இருக்கும். பல செடிகள் பூக்க இது தாராளம்.

மரத்தடி நிழலில் வெளிச்சத்தின் அளவோடு அதன் தன்மையும் மாறிவிடுகிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தூரச் சிவப்பு ஒளியைக் கீழே விட்டுவிடுகிறது. கீழே நிற்கும் செடி இந்த வித்தியாசத்தை உணர்ந்து, தலைக்கு மேல் போட்டி இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வெயிலில் வளர்ந்து பழகிய செடி உடனே கிளை விடுவதைக் குறைத்துக்கொண்டு உயரமாக ஓடப் பார்க்கும். தண்டு மெலிந்து நீளும், கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடும். காட்டின் அடித்தளத்தில் வளரும் செடிகளின் இனம் இப்படி ஓடுவதில்லை. மரத்தடிக்கு அந்த இனங்களிலிருந்தே தேர்ந்தெடுங்கள்.

எந்த மரம் என்பதும் முக்கியம். முருங்கை போன்ற சிற்றிலை மரத்தின் அடியில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும். அது பூச்செடிக்கு மிக நல்ல இடம். மாமரம் போல அடர்ந்த, இலை உதிர்க்காத மரத்தின் அடி பெரும்பாலும் முழு நிழல். யூகலிப்டஸ், கருப்பு வால்நட் ஆகியவற்றின் வேரும் இலைச் சருகும் மற்ற செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களை மண்ணில் விடுகின்றன. அங்கே தொட்டியில் வைப்பதே மேல்.

3. ஈரத்தையும் வேரையும் சோதியுங்கள்

நிழல் என்றால் ஈரம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். மரத்தடி பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். மழையில் ஒரு பங்கை இலைகளே பிடித்துக்கொள்ளும், தரைக்கு வருவதை மரத்தின் வேர் குடித்துவிடும். கூரைச் சரிவின் அடியிலும் இதே கதைதான், அங்கே மழையே விழாது. இதற்கு எதிர்மாறாக, இரண்டு கட்டடங்களுக்கு இடையில் உள்ள சந்து நாள் கணக்கில் ஈரமாக இருக்கும்.

ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவு நாடாவால் பாருங்கள். 2.5 முதல் 5 சென்டிமீட்டர் இறங்கினால் பரவாயில்லை. அதற்கும் குறைந்தால் நீர் தேங்கும் மண். நிழலில் நீர் ஆவியாவதும் மெதுவாக நடக்கும் என்பதால் வேர் அழுகிவிடும். அங்கே மேட்டுப் பாத்தி போடுங்கள், அல்லது ஈரம் விரும்பும் செடிகளை மட்டும் வையுங்கள்.

தோண்டும்போதே வேரையும் கவனியுங்கள். மரத்தின் மெல்லிய உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் ஓர் அடி ஒன்றரை அடி மண்ணிலேயே பரவியிருக்கும். நீங்கள் செடி வைக்க நினைக்கும் ஆழமும் அதுதான்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்கிறேன். மரத்தடியில் வேர் இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதன்மேல் முக்கால் அடிக்குப் புது மண்ணும் மண்புழு உரமும் கொட்டி நாற்று நட்டேன். முதல் சில மாதங்கள் நன்றாக வளர்ந்தது. அடுத்த ஆண்டு எவ்வளவு நீர் ஊற்றியும் செடிகள் வாடின. களைக்கொத்தைக் குத்தினால் உள்ளே இறங்கவில்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது அதன் வேர்மண் முழுக்கத் தேங்காய் நார் மிதியடி போல மரத்தின் மெல்லிய வேர்கள் பின்னிக் கிடந்தன. நான் போட்ட உரத்தைத் தேடி அவை மேலே ஏறி வந்திருந்தன. செடிக்கென்று கொட்டியதையெல்லாம் மரம் சாப்பிட்டுவிட்டது. அதோடு, வேரின்மேல் தடிமனாக மண் கொட்டினால் அதற்குக் காற்று கிடைக்காமல் மரமே நலிந்துபோகலாம். ஆகவே மரத்தடியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் எதையும் பரப்பாதீர்கள். அடிமரத்தை ஒட்டி எதையும் குவிக்காதீர்கள்.

4. வாங்கும் முன் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள்

ஒரு மணி நேர வெயில் கூடினாலே தேர்வு செய்யக்கூடிய செடிகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடிவிடும். தாழ்ந்த கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் பக்கவாட்டிலிருந்து காலை வெயில் உள்ளே வரும். ஒரே ஆண்டில் மரத்தின் தழையில் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள், மரம் தாங்காது. எதிர்ச் சுவருக்கு வெள்ளை அடித்தால் அதிலிருந்து திரும்பும் வெளிச்சம் கணிசமாகக் கிடைக்கும்.

இதை நடுவதற்கு முன்பே செய்து, முதல் படியில் செய்த அளவை மறுபடி எடுங்கள். பலர் நட்ட பிறகு கிளையை வெட்டுகிறார்கள். நிழலுக்குப் பழகிய மெல்லிய இலைமேல் திடீரென்று வெயில் விழுந்து வெளிறிக் கருகிவிடும்.

5. பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். நிழலில் பூப்பவை, நிழலில் வளர்ந்தும் பூ குறைபவை, இலைக்காக மட்டும் வைப்பவை. எந்தச் செடி உங்களைக் கவர்ந்தாலும் இந்த மூன்றில் எதில் சேரும் என்று தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள்.

பூ என்பது செடிக்குச் செலவு. வெளிச்சத்தில் சமைத்த சர்க்கரையில் முதலில் இலையும் வேரும் பிழைக்க வேண்டும், மிஞ்சினால்தான் மொட்டு. வெளிச்சம் குறைந்தால் முதலில் நிற்பது பூதான். அட்டையில் "நிழலில் வளரும்" என்று எழுதியிருப்பது பொய் இல்லை. பூக்கும் என்று அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பீஸ் லில்லி இதற்குச் சரியான உதாரணம். இருண்ட மூலையிலும் இலை பளபளவென்று நிற்கும், ஆண்டுக்கணக்கில் பூக்காது. விற்பனைக்கு வளர்ப்பவர்கள் ஜிப்ரலிக் அமிலம் என்ற செடி ஹார்மோனைத் தெளித்து அதைப் பூக்க வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். வாங்கும்போது இருந்த பூக்கள் உங்கள் வீட்டு வெளிச்சத்தால் வந்தவை இல்லை. அவை உதிர்ந்த பிறகு செடி தன் போக்கில் பூக்க வேண்டுமானால் நல்ல வெளிச்சம் வேண்டும். பிரகாசமான ஜன்னலோரத்திலோ திறந்த வானத்தின் கீழ் உள்ள நிழலிலோ வைத்தால் பூக்கும்.

சில செடிகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். ரோஜா, செம்பருத்தி, சாமந்தி, செண்டுமல்லி, மல்லிகை, காகிதப்பூ, அரளி, பட்டு ரோஸ் எல்லாமே வெயிலின் பிள்ளைகள். பட்டு ரோஸ் வெயில் படாவிட்டால் இதழையே சரியாக விரிக்காது. நிழலில் இவற்றை எப்படியாவது பூக்க வைக்கலாம் என்று உரத்தை மாற்றி மாற்றிப் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை உரத்தில் இல்லை.

சின்னக் குழந்தைகளோ பூனை நாயோ இருக்கும் வீடு என்றால் நான்காவதாக ஒரு குறி போடுங்கள். பீஸ் லில்லி, ஆந்தூரியம், கலேடியம் ஆகியவற்றின் இலையைக் கடித்தால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால் வாய் எரிந்து வீங்கும். ஹெல்லபோரஸ், கிளைவியா, ஃபாக்ஸ்குளோவ் ஆகியவை உடலுக்கு நஞ்சு.

6. இடத்துக்கேற்ற செடிகள்

உங்கள் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

காலை வெயில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரும் இடம்தான் நிழல் தோட்டத்தின் முதல் வரிசை. வெப்பமான ஊர்களில் கனகாம்பரம், காசித்தும்பை, டொரீனியா, நந்தியாவட்டை, டிசம்பர் பூ, பிரன்ஃபெல்சியா, ஹெலிகோனியா ஆகியவை இங்கே பூக்கும். கனகாம்பரத்தை முதல் செடியாக வைக்கச் சொல்வேன். வாடிய கதிர்களைக் கிள்ளிவிட்டால் அடுத்த கதிர் சீக்கிரம் வரும், செய்த கவனிப்பின் பலன் கண்முன்னே தெரியும். டொரீனியா ஒரு பருவச் செடி. உதிர்ந்த விதையிலிருந்து தானாகவே முளைத்து வரும், ஓரங்களை நிரப்ப நல்லது. குளிர் நாடுகளில் இதே இடத்தில் ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா, ஜப்பானிய அனிமோன் வையுங்கள்.

பொட்டு வெயில் விழும் மரத்தடிக்கு மெழுகு பிகோனியாவும் இம்பேஷன்ஸும் எளிதாகக் கைகொடுப்பவை. சாதாரண இம்பேஷன்ஸ் குறைந்த வெளிச்சத்திலும் தொடர்ந்து பூக்கும். ஆனால் அதற்கு அடிச்சாம்பல் நோய் வந்தால் சில வாரங்களில் இலையெல்லாம் கொட்டி வெறும் தண்டு நிற்கும். காற்றோட்டம் குறைந்த, ஈரம் தங்கும் இடம் என்றால் அந்த நோயைத் தாங்கும் நியூ கினி இம்பேஷன்ஸை எடுங்கள். அதற்குச் சற்றுக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். குளோபாவும் அமேசான் லில்லியும் வெப்பமான ஊர் மரத்தடிக்குப் பொருந்தும், ஈரம் மட்டும் குறையக் கூடாது. கிளைவியாவின் ஆரஞ்சுப் பூக்கொத்து மிக அழகானது. அது பூக்கக் குளிர்ந்த, நீர் குறைத்த ஓய்வுக் காலம் தேவை என்பதால் ஆண்டு முழுக்கச் சூடான ஊருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர் நாடுகளில் கமேலியா, ரோடோடென்ட்ரான், பிரிமுலா, ஹெல்லபோரஸ் பூக்கும். முதல் இரண்டுக்கும் மண் அமிலத்தன்மையுடன் இருக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளாகிவிடும்.

நேரடி வெயில் இல்லாமல் வானம் திறந்திருக்கும் சுவரோரத்தில் பீஸ் லில்லி, ஆந்தூரியம், பலவகை பிகோனியாக்கள் பூக்கும். குளிர் நாடுகளில் அஸ்டில்பியும் ஹோஸ்டாவும் வைக்கலாம். அஸ்டில்பி ஒருநாள் காய்ந்தாலும் முகம் சுளிக்கும். ஹோஸ்டாவின் இளம் இலையை நத்தை விடாது.

காய்ந்த நிழல்தான் எல்லாவற்றிலும் கடினமானது. வெளிச்சமும் இல்லை, நீரும் இல்லை. குளிர் நாடுகளில் எபிமீடியம், ஐவி இலைச் சைக்ளமன் ஆகியவை இதைத் தாங்கியும் பூக்கும். வெப்பமான ஊர்களில் இப்படிப்பட்ட இடத்தில் தரையில் நடாமல் தொட்டிகளை வைப்பதுதான் என் தேர்வு. மரத்தின் வேரோடு போட்டி போட வேண்டாம், நீரின் அளவு நம் கையில் இருக்கும். தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் வடிகால் துளை வழியாக மரத்தின் வேர் உள்ளே நுழையும்.

கை நிழல்கூட விழாத இருட்டு மூலைக்குப் பெரணி, அக்லோனிமா, ஆஸ்பிடிஸ்ட்ரா, சின்கோனியம். அங்கே பூவை விட்டுவிடுங்கள்.

7. நிறத்தைத் தொலைவிலிருந்து பார்த்து முடிவு செய்யுங்கள்

நர்சரியில் கையில் எடுத்துப் பார்க்கும்போது அடர் சிவப்பும் ஊதாவும் மனதைப் பறிக்கும். அதே செடியை நிழலில் வைத்துப் பத்தடி தள்ளி நின்றால் பூ இருப்பதே தெரியாது. வெளிச்சம் மங்க மங்க நம் கண்ணுக்குச் சிவப்பு கருத்துக்கொண்டே போகும், வெளிர் நிறங்கள் எடுத்துக் காட்டும். வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் ரோஸ் ஆகியவற்றைப் பின்வரிசைக்கு வையுங்கள். சிவப்பும் ஊதாவும் வேண்டுமென்றால் நடைபாதை ஓரத்திலோ, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலோ வையுங்கள்.

நிழல் தோட்டத்தில் எல்லா நாளும் எல்லாச் செடியும் பூத்திருக்காது. அந்த இடைவெளியை இலைகள்தான் தாங்கும். வெள்ளைக் கலேடியமும் வெளிர்பச்சைக் கோலியஸும் தொலைவிலிருந்து பூவைப் போலவே தெரியும். மூன்று பூச்செடிக்கு ஒரு இலைச்செடி என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். வெள்ளை வரி ஓடிய இலைகளில் பச்சையம் குறைவு. மிக இருண்ட இடத்தில் அவை மெதுவாக நலியும், சில வகைகள் வரியை இழந்து முழுப் பச்சையாக மாறிவிடும்.

8. நர்சரியில் செடியை எப்படிப் பார்ப்பது

பட்டியலோடு போங்கள். முதலில் செடி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், நிழல்வலையின் கீழா, திறந்த வெயிலிலா? வெயிலில் வளர்ந்ததை நேராக நிழலில் வைத்தால் இலை உதிர்க்கும். நிழல்வலையில் வளர்ந்ததற்கு உங்கள் இடம் பழகியது போலிருக்கும்.

முழுதும் பூத்த செடியைவிட மொட்டு வைத்த செடியை எடுங்கள். அதிலும் கணுக்கள் நெருக்கமாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். தண்டு நீண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது ஏற்கெனவே வெளிச்சத்துக்கு ஏங்கிய செடி. இலையைத் திருப்பிப் பார்த்து, அடியில் வெள்ளைப் பூச்சோ மாவுப்பூச்சியோ இருந்தால் வேண்டாம். நிழலில் காற்றோட்டம் குறைவு என்பதால் இவை வேகமாகப் பரவும்.

ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு மட்டும் வாங்குங்கள். அடுத்த படியில் தேறிய பிறகு மீதியை வாங்கலாம்.

9. தொட்டியோடு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள்

புதியவர்கள் தவறவிடும் படி இது. எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. வாங்கிய செடியை அதன் தொட்டியோடு, நடப் போகும் அதே இடத்தில் மூன்று முதல் நான்கு வாரம் வையுங்கள். எத்தனை அளவு எடுத்தாலும் அந்த இடத்தைப் பற்றிச் செடி சொல்வதுதான் கடைசி வார்த்தை.

வாங்கி வந்த அன்றே, தண்டின் நுனிக்குக் கீழே ஒரு நூலைக் கட்டுங்கள். நூலுக்கு மேலே வளர்வதெல்லாம் உங்கள் இடத்தின் வெளிச்சத்தில் வளர்ந்தது. மூன்று வாரம் கழித்து நூலுக்குக் கீழேயும் மேலேயும் உள்ள கணு இடைவெளியை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்து புது மொட்டும் தெரிந்தால் அங்கேயே நடுங்கள். மேலே இடைவெளி கூடி, புது இலை அகலமாக, வெளிறி இருந்தால் வெளிச்சம் போதவில்லை. தொட்டியைத் தூக்கி இரண்டு மூன்று அடி வெளிச்சத்தின் பக்கம் நகர்த்தி மறுபடி பாருங்கள். இலை ஓரம் பழுப்பேறியிருந்தால் எங்கிருந்தோ மாலை வெயில் வருகிறது.

பழைய இலைகள் சில மஞ்சளாகி உதிர்வதைக் கண்டு பயப்பட வேண்டாம். இடம் மாறினால் அது நடக்கும். புது இலையை மட்டும் பாருங்கள்.

10. நடும் முறை

வெப்பமான ஊர்களில் மழைக்காலத்தின் தொடக்கத்தில் நடுங்கள். குளிர் நாடுகளில் மரம் துளிர்க்கும் முன்பே நட்டால், நிழல் அடரும் முன் செடி வேர் பிடித்துவிடும்.

மரத்தடியில் சிறிய நாற்றுகளையே தேர்ந்தெடுங்கள். பெரிய செடிக்குப் பெரிய குழி வேண்டும், அதற்கு மரத்தின் வேரை வெட்ட வேண்டிவரும். வேர்களுக்கு இடையே கையளவு இடம் தேடி அங்கே மட்டும் குழி எடுங்கள். கட்டை விரலுக்கு மேல் தடித்த வேர் குறுக்கிட்டால் வெட்டாமல் குழியை நகர்த்துங்கள்.

அட்டையில் சொன்ன இடைவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். நெருக்கி நட்டால் சீக்கிரம் நிறைந்து தெரியும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். நிழலில் இலை ஈரம் காய நேரமாகும், நெருக்கம் அதை இன்னும் தாமதப்படுத்திப் பூஞ்சாண நோயை வரவழைக்கும். நட்டதும் இலைச் சருகால் இரண்டு அங்குல மூடாக்கு போட்டு, தண்டைச் சுற்றி மட்டும் விரற்கடை இடம் விடுங்கள்.

11. முதல் ஆண்டில் நீரும் உரமும்

நாள் கணக்கு வைத்து நீர் ஊற்றாதீர்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். சுவரோர நிழலுக்கு வெயில் தோட்டத்தைவிடக் குறைவாகத் தேவைப்படும், மரத்தடிக்கு முதல் ஆண்டு முழுக்க அடிக்கடி தேவைப்படும். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். மாலையில் இலை நனைந்தால் இரவு முழுக்க ஈரம் நின்றுவிடும்.

உரத்தைக் குறைவாகப் போடுங்கள். வெளிச்சம் குறைந்த செடி மெதுவாக வளர்வதால் அதற்கு அதிகம் செலவாகாது. தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்து மொட்டு குறையும். பாத்தியில் உள்ள செடிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கிய கம்போஸ்ட்டை மெல்லியதாகத் தூவினால் போதும்.

12. இன்னும் பூக்கவில்லையென்றால்

நிழல்மேல் பழி போடும் முன் மற்றக் காரணங்களை வரிசையாகப் பாருங்கள். முதலில் கவாத்து. பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவின் பெரும்பாலான வகைகள் சென்ற ஆண்டுக் கிளையிலேயே மொட்டு வைக்கும். குளிர்காலத்தில் அழகாக வெட்டிவிட்டால் அந்த ஆண்டுப் பூவையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம். அடுத்து, அதிக உரம். பிறகு வயது. புதர்ச் செடிகளுக்கு வேரூன்ற ஓராண்டு ஈராண்டு பிடிக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் நூல் சோதனையை மறுபடி செய்யுங்கள். நட்டபோது இருந்ததைவிட மரம் அடர்ந்திருக்கலாம், பக்கத்தில் புதுச் சுவர் எழும்பியிருக்கலாம். கிளையைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஒரு முழுப் பருவம் காத்திருந்தும் மொட்டு எட்டிப் பார்க்கவில்லையென்றால், ஈரமான நாளில் வேர்மண் உடையாமல் செடியைத் தோண்டி, வரைபடத்தில் அதற்கு அடுத்த வெளிச்சமான பகுதிக்கு மாற்றுங்கள். காலியான குழியில் ஒரு பெரணியை வையுங்கள்.